கூட்டாளிமாரோடு முதல் வெளிநாட்டுச் சுற்றுலா: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, நாலைந்து பேர் காசு சேர்த்து "வாங்கோடா, ஒருக்கா சிங்கப்பூர் போட்டு வருவம்" என்று கிளம்புகிற பிள்ளைகள் இப்போது எங்கள் ஊர்களில் நிறைய. கோண்டாவில், சாவகச்சேரி, பருத்தித்துறை எங்கே போனாலும் ஒரு குழு போய் வந்திருக்கும், இன்னொரு குழு திட்டம் போட்டுக்கொண்டிருக்கும். போய் வந்தவர்களோடு கதைத்துப் பார்த்தால் பட்ட சிக்கல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி. அதில் முக்கால்வாசி வெளிநாட்டில் தொடங்கியவை அல்ல. "அவன் பார்த்துக்கொள்வான்" என்று எல்லாவற்றையும் ஒருவன் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் சும்மா இருந்ததால் இங்கேயே தொடங்கியவை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றையும் மனதில் வைத்தே கீழே எழுதுகிறேன், ஏனென்றால் முதல் தடவை பெரும்பாலும் அங்கேதான் போகிறார்கள்.

ரிக்கெற்றில் "15ஆம் திகதி 00.50" என்று இருக்கிறது. 15ஆம் திகதி இரவு எயார்போட்டில் நிற்க வேண்டுமா?

இல்லை. 14ஆம் திகதி இரவு நிற்க வேண்டும். நான் கேள்விப்பட்ட சிக்கல்களில் ஆகக் கூடுதலான காசை விழுங்கியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

00.50 என்றால் 14ஆம் திகதி நள்ளிரவு கடந்து ஐம்பது நிமிடம். கவுண்டர் வழக்கமாக மூன்று மணித்தியாலம் முன்னதாகத் திறக்கும், அதாவது 14ஆம் திகதி இரவு பத்து மணிக்குச் சற்று முன்னர். ஒரு மணித்தியாலம் இருக்கும்போது மூடிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து போகிற எங்களுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. "இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் கொழும்பு" என்ற பழக்கம் எங்கள் உடம்பில் ஊறிப்போனது. 14ஆம் திகதி இரவு பஸ்ஸில் ஏறினால் நீங்கள் கட்டுநாயக்கவில் இறங்கும்போது விமானம் போய்ப் பல மணித்தியாலம் ஆகியிருக்கும். ஆகவே 13ஆம் திகதி இரவு பஸ், அல்லது 14ஆம் திகதி அதிகாலைப் பஸ். அதிகாலைப் பஸ் என்றால் பின்னேரம் போய்ச் சேருவீர்கள், இடையில் வண்டி பழுதானாலும் மாற்று வழி பார்க்க நேரம் இருக்கும். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போகிற பஸ் என்றால் கட்டுநாயக்கவிலேயே இறங்கலாம், கொழும்பு வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை. ஏறும்போதே நடத்துநரிடம் வழியைக் கேட்டு வையுங்கள்.

அந்தப் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நாலு மணித்தியாலப் பறப்பு, அங்கே நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். ஆக 15ஆம் திகதி காலை ஏழு மணிக்குப் பிறகு போய் இறங்குவீர்கள். ஹொட்டேல் அறை பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பைகளை வரவேற்பில் கொடுத்துவிட்டு வெளியே சுற்றலாம், பெரும்பாலான இடங்களில் அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். மாறாக உங்கள் விமானம் அங்கே அதிகாலை ஒரு மணிக்கு இறங்குகிறது என்றால், முதல் நாள் இரவுக்கே அறை பதிந்திருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விடியும்வரை விமான நிலையக் கதிரையில் படுத்த குழுக்கள் உண்டு.

தப்பித்தவறி விமானத்தை விடப்போகிறீர்கள் என்று தெரிந்தால், அது புறப்படுவதற்கு முன்னரே நிறுவனத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் வராமல் விட்டால், அதே பதிவில் உள்ள திரும்பி வரும் ரிக்கெற்றையும் பல நிறுவனங்கள் ரத்துச் செய்துவிடும்.

எங்கள் பெயர்களை ரிக்கெற்றில் எப்படிப் போடுவது? அப்பாவின் பெயர் முன்னுக்கா, பின்னுக்கா?

கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே. அதில் படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். மேல் வரியில் நாட்டின் மூன்று எழுத்துக்குப் பிறகு முதலில் வருவது குடும்பப் பெயர். இரண்டு அம்புக்குறி தாண்டி வருவது மற்றப் பெயர்கள். விமான நிறுவனம் கேட்கிற இரண்டு பெட்டிகளையும் அதைப் பார்த்தே நிரப்புங்கள். வீட்டில் எது முதல் பெயர், எது அப்பா பெயர் என்ற கதை இங்கே உதவாது.

பிழை எங்கே வருகிறது என்றால், குழுவில் ஒருவன் எல்லோருக்கும் சேர்த்துப் பதிவான், மற்றவர்கள் வட்ஸ்அப்பில் பெயரைத் தட்டி அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று எங்களில் கனபேருக்கு இருக்கிறது. பெயரைத் தட்டி அனுப்பாதீர்கள். கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பதிகிறவர் அதைப் பார்த்து அடிக்கட்டும், காசு கட்டுவதற்கு முன் திரையை ஒவ்வொருவருக்கும் காட்டட்டும்.

ஓரிரண்டு எழுத்துப் பிழை என்றால் முன்கூட்டியே அழைத்துத் திருத்தலாம், மலிவு விமானங்கள் அதற்கும் காசு வாங்கும். முழுப் பெயரையும் வேறு ஆளுக்கு மாற்ற அநேகமாக விட மாட்டார்கள். போர்டிங் பாஸில் பெயரின் வாலில் "மிஸ்டர்", "மிஸ்" என்பதன் எழுத்துகள் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருப்பதைக் கண்டு பதறுகிறவர்களும் உண்டு. அது பிழை இல்லை, கணினி அப்படித்தான் அச்சடிக்கும். நீண்ட பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலும் அப்படித்தான்.

கடவுச்சீட்டு முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. காணாதா?

காணாது. இந்த மூன்று நாடுகளுக்கும் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுநாயக்கவிலேயே ஏற்ற மாட்டார்கள். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள், முன்பு போல வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓடத் தேவையில்லை. ரிக்கெற் எடுக்க முன் எல்லோருடைய காலாவதித் திகதியையும் ஒரே இடத்தில் எழுதிப் பாருங்கள்.

பலாலியில் இருந்து சென்னைக்குப் போய், அங்கிருந்து வேறு விமானத்தில் சிங்கப்பூர் போனால் கொழும்பு அலைச்சல் மிச்சம்தானே?

வீட்டில் இருந்து அரை மணித்தியாலத்தில் விமானம் என்பது நல்ல விசயம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு ரிக்கெற் என்றால் சென்னையில் உங்கள் பொதி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. நீங்கள் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பொதியை எடுத்து, மறுபடி கவுண்டரில் கொடுக்க வேண்டும். வெளியே வர இந்திய விசா வேண்டும். விசா இல்லாமல் இந்த வழியில் ரிக்கெற் எடுத்துவிட்டு, பலாலிக் கவுண்டரில் வைத்தே திருப்பி அனுப்பப்பட்டால் இரண்டு ரிக்கெற் காசும் போய்விடும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அதற்கும் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். இந்திய இ-விசா எடுத்து, சென்னையிலும் ஒரு நாள் நின்று போகிற மாதிரித் திட்டம் போட்டால் இந்த வழி நல்லது. பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானம் என்பதால் பொதி நிறை எவ்வளவு என்பதையும் ரிக்கெற்றில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா, வருகை அட்டை எல்லாம் என்ன?

சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. தாய்லாந்தும் 2024 யூலையில் இருந்து சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் விடுகிறது. மலேசியாவுக்கு முன்கூட்டியே இ-விசா எடுக்க வேண்டும். இவை மாறுகிற விசயங்கள், ரிக்கெற் எடுக்கும் அன்று அந்தந்த நாட்டு அரசின் பக்கத்தில் ஒருதரம் பாருங்கள், போன வருடம் போய்வந்த அண்ணனைக் கேட்டுவிட்டு இருக்காதீர்கள்.

மூன்று நாடுகளும் போவதற்கு முந்தின மூன்று நாட்களுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்பச் சொல்கின்றன. மலேசியாவில் 2024 ஜனவரியில் இருந்தும் தாய்லாந்தில் 2025 மே மாதத்தில் இருந்தும் இது கட்டாயம். மூன்றும் இலவசம். தேடும்போது மேலே வருகிற சில பக்கங்கள் அரசுச் சின்னம் மாதிரி ஒன்றைப் போட்டு டொலரில் காசு கேட்கும். காசு கேட்டால் அது அரசின் பக்கம் இல்லை, மூடிவிடுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் அட்டையைத் தாங்களே நிரப்புவது நல்லது, அதில் ஹொட்டேல் முகவரி எழுதும்போதுதான் தாங்கள் எங்கே தங்கப்போகிறோம் என்பதே சிலருக்குத் தெரியவரும்.

குடிவரவில் என்ன கேட்பார்கள்? ஒருவனை மட்டும் மறித்தால் மற்றவர்கள் என்ன செய்வது?

முதல் தடவை போகிற, வெற்றுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற இளம் பிள்ளைகளிடம் கேள்வி கூடுதலாகத்தான் வரும், இங்கே கட்டுநாயக்கவிலும் அங்கேயும். ஏன் போகிறாய், எத்தனை நாள், எங்கே தங்குகிறாய், என்ன வேலை, கையில் எவ்வளவு காசு, திரும்பி வரும் ரிக்கெற் எங்கே. இவ்வளவுதான். ஆனால் ஐந்து பேர் ஐந்து கவுண்டரில் நிற்பார்கள். ஒருவன் "நாலு நாள்" என்பான், இன்னொருவன் "ஒரு கிழமை" என்பான், மூன்றாமவன் "ஹொட்டேல் பெயர் தெரியாது, கூட்டாளியிடம் இருக்கு" என்பான். அவர்கள் சந்தேகப்படுவதில் பிழை சொல்ல முடியாது.

ஆகவே திரும்பும் ரிக்கெற், ஹொட்டேல் பதிவு, வேலைக் கடிதம் மூன்றையும் தாளில் அச்சடித்து ஒவ்வொருவரும் தங்கள் கைப்பையில் வைத்திருங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள், சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் அதையே சொல்லுங்கள். ஒருவரை உள்ளே தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனால் மற்றவர்கள் வாசலில் கூட்டமாக நின்று வாதாடவேண்டாம். பொதி எடுக்கும் இடத்தில் காத்திருங்கள், அநேகமாக விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். திருப்பி அனுப்ப முடிவெடுத்தால் அதை மாற்ற உங்களால் முடியாது, அவரது வீட்டுக்கு உடனே தகவல் சொல்லி, அவர் கையில் செலவுக்குக் காசு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நீங்கள் செய்யக்கூடியது.

அம்மா நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை எல்லாம் கட்டித் தருகிறா. கொண்டு போகலாமா?

வடையும் முறுக்கும் பிரச்சினை இல்லை. எண்ணெய்ப் போத்தல் கைப்பையில் போகாது, திரவம் எதுவானாலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத் தொட்டிக்குப் போகும். பெரிய பொதியில் வைத்தால் மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, துணிகளுக்கு நடுவே இல்லாமல் ஒரு பக்கமாக வையுங்கள். ஒரு குழுவின் சூட்கேஸில் எண்ணெய் கசிந்து, அடுக்கி வைத்த சேட்டுகள் எல்லாம் கழுத்துப்பட்டி வரை மஞ்சள் பிடித்து, முதல் நாள் முழுக்க உடுப்பு வாங்குவதிலேயே போனது. மிளகாய்த்தூளைக் கடையில் முத்திரை வைத்த பக்கெற்றாகக் கொண்டு போங்கள். விபூதியைக் கடதாசியில் மடித்து வைக்காமல், பெயர் அச்சிட்ட பக்கெற்றோடு வையுங்கள். வெள்ளைத் தூள் எதுவானாலும் திறந்து பார்ப்பார்கள், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. கசகசா சிங்கப்பூருக்குள் தடை, தொடவேண்டாம்.

பவர் பேங்க் மறுவளம்: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பொதியில் வைத்தால் பொதியைத் திறக்கக் கூப்பிடுவார்கள். 100 வொட்-அவர் வரை தடையில்லை, வழக்கமாக எல்லோரும் வைத்திருக்கிற 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஏறத்தாழ 74 வொட்-அவர். அளவு அழிந்துபோன பவர் பேங்கை வாங்கி வைத்துவிடக்கூடும். 2025இல் இருந்து பல விமானங்களில் பறக்கும்போது அதில் சார்ஜ் போடவும் விடுவதில்லை.

சிங்கப்பூருக்கு ஒரு பெட்டி சிகரெட் என்றாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்ட வேண்டும், வரியில்லாத அளவு என்று ஒன்று அங்கே இல்லை. சுவிங்கம் கொண்டுபோகக் கூடாது. இ-சிகரெட் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் சட்டவிரோதம், பையில் இருந்தாலே வழக்கு.

இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். நீங்கள் போகிறீர்கள் என்று தெரிந்ததும் "அங்கை மருமகனுக்கு இந்தப் பார்சலை ஒருக்காக் குடுத்து விடு தம்பி" என்று யாராவது வருவார்கள். எங்கள் ஊரில் மறுக்கக் கூச்சமாக இருக்கும், தெரிந்த ஆக்கள், அயல். ஒட்டிய பார்சலை வாங்காதீர்கள். திறந்து காட்டி, உங்கள் கையால் அடுக்கினால் மட்டும் வாங்குங்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தினால் கட்டாய மரண தண்டனை. பை உங்கள் பெயரில் இருந்தால், உள்ளே இருந்தது தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

காசை எப்படிக் கொண்டு போவது? கார்ட் மட்டும் போதாதா?

இலங்கை ரூபாயை அங்கே மாற்றுவது கஷ்டம், மாற்றினாலும் நட்டம். அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடம் இங்கேயே அந்த நாட்டுக் காசோ அமெரிக்க டொலரோ வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கார்ட்டைப் பொறுத்தவரை மூன்று விசயம். வெளிநாட்டில் பாவிக்க அனுமதி திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். ஓ.ரி.பி. உங்கள் இலங்கை நம்பருக்குத்தான் வரும், அங்கே போனதும் அந்தச் சிம்மைக் கழற்றி வேறு சிம் போட்டால் ஓ.ரி.பி. எங்கே வரும்? ரோமிங்கில் குறுஞ்செய்தியாவது வருகிறதா என்று புறப்பட முன் உறுதி செய்யுங்கள், இ-சிம் போடக்கூடிய போன் என்றால் பழைய சிம் அப்படியே இருக்கட்டும். மூன்றாவது, ஏ.டி.எம். திரையிலோ கடையிலோ "இலங்கை ரூபாயில் கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்யுங்கள். ரூபாய்த் தொகையைப் பார்க்க நிம்மதியாக இருக்கும், ஆனால் மாற்று வீதம் அவர்கள் வைத்தது. தாய்லாந்து ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் அளவில் தனியாக வெட்டுவார்கள், சின்னச் சின்னதாக எடுக்காதீர்கள்.

மலேசிய ஹொட்டேல்களில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிற் சுற்றுலா வரி உண்டு. இணையத்தில் அறைக் காசு கட்டியிருந்தாலும் இதைக் கவுண்டரில் கேட்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை பிடிக்கவேண்டாம்.

செலவைப் பிரிப்பதில் சண்டை வராமல் இருக்க வழி உண்டா?

கூட்டாளிமார் முறிந்துபோவது பெரிய தொகையில் அல்ல, சின்னத் தொகைகளில்தான். ஒருவன் ரக்சிக்குக் கட்டுவான், ஒருவன் தண்ணீர்ப் போத்தல் வாங்குவான், யாரும் கேட்க மாட்டார்கள், மூன்றாம் நாள் முகம் கறுக்கும். சீட்டுக் காசு மாதிரி முதல் நாளே ஆளுக்கு ஒரே தொகை போட்டுப் பொதுக் காசு ஒன்று வையுங்கள். ரக்சி, ரயில், பொதுச் சாப்பாடு அதில் இருந்து போகட்டும். முடிந்தால் மறுபடி சமனாகப் போடுங்கள். தன் ஆசைக்கு வாங்குவது தன் காசு. காசை ஒருவர் வைத்திருக்கட்டும், கணக்கை இன்னொருவர் எழுதட்டும், ஒவ்வோர் இரவும் படுக்க முன் குழுவில் போடுங்கள்.

வீட்டு நிலைமை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் மறக்கவேண்டாம். குழுவில் ஒருவர் கடன்பட்டு வந்திருக்கலாம், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். யூனிவேர்சல் ஸ்ரூடியோஸ் மாதிரிக் கூடிய காசு கேட்கிற இடங்களுக்குப் போகிறதா இல்லையா என்பதை யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே தீர்மானித்துவிட்டால், அவர் அங்கே வந்து எல்லோர் முன்னாலும் மறுக்க வேண்டி வராது. எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. ஒருவருக்கு முஸ்தபாவில் சாமான் வாங்க ஆசை, இன்னொருவருக்குக் கடற்கரை. அரை நாள் பிரிந்து போய்ப் பின்னேரம் சந்தியுங்கள்.

ரயிலில் ஒருவன் ஏறிவிட்டான், கதவு மூடிவிட்டது. என்ன செய்வது?

இது எல்லாக் குழுவுக்கும் நடக்கும், அதனால் முன்னமே ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய மேடையிலேயே நிற்க வேண்டும். விடுபட்டவர்கள் அடுத்த ரயிலில் அங்கே வர வேண்டும். ஏறியவர் திரும்பி வருவதும் விடுபட்டவர் அங்கே போவதும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பீர்கள். சிங்கப்பூர் எம்.ஆர்.ரி.யில் ரயில்கள் சில நிமிடத்துக்கு ஒன்று வரும், பதற ஒன்றும் இல்லை.

அங்கே ஆளுக்கொரு கார்ட் வேண்டும், ஒரே கார்ட்டைத் தட்டி இரண்டு பேர் உள்ளே போக முடியாது. ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் குற்றம், தண்டம் 500 சிங்கப்பூர் டொலர் வரை போகும். இங்கே யன்னலோரம் இருந்து கச்சான் கொறித்துப் பழகியவர்கள் கவனம்.

போன் தொலைந்தவருக்கு வழி தெரிய வேண்டும் என்றால், ஹொட்டேலின் பெயர், முகவரி, ஒரு கூட்டாளியின் நம்பர் மூன்றும் எழுதிய துண்டு ஒவ்வொருவர் பேர்ஸிலும் இருக்கட்டும். எங்களுக்கு இப்போது யாருடைய நம்பரும் மனப்பாடம் இல்லை.

பாங்கொக்கில் இரண்டு எயார்போட்டாமே?

ஆம். சுவர்ணபூமி ஒன்று, டொன் முவாங் ஒன்று. நகரின் வேறு வேறு பக்கம், இடையில் நெரிசல் பிடித்த வீதி. வந்து இறங்கியது சுவர்ணபூமி என்பதற்காகத் திரும்புவதும் அங்கேதான் என்று நினைக்கவேண்டாம், ரிக்கெற்றைப் பாருங்கள். கோலாலம்பூரிலும் முனையம் ஒன்று, இரண்டு என்று தனித்தனிக் கட்டடங்கள் உண்டு.

கடவுச்சீட்டு தொலைந்துவிட்டால்?

முதலில் பொலிஸில் முறைப்பாடு, அந்தப் பிரதி இல்லாமல் அடுத்தது எதுவும் நடக்காது. பிறகு இலங்கைத் தூதரகம். பாங்கொக்கில் தூதரகமும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உயர்ஸ்தானிகராலயங்களும் இருக்கின்றன. நாடு திரும்ப மட்டும் பயன்படுகிற தற்காலிகப் பயண ஆவணம் தருவார்கள். அதற்குப் பிறகு அந்த நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்துக்கும் போக வேண்டும், ஏனென்றால் நீங்கள் சட்டப்படி உள்ளே வந்த பதிவு தொலைந்த கடவுச்சீட்டின் இலக்கத்தில்தானே இருக்கிறது. வார இறுதியில் தொலைந்தால் திங்கட்கிழமை வரை ஒன்றும் நகராது, ரிக்கெற்றை மாற்ற வேண்டி வரும். கடவுச்சீட்டின் நிறப்பிரதி ஒன்று, பாஸ்போட் அளவு படம் இரண்டு, தேசிய அடையாள அட்டை இவை கடவுச்சீட்டு இருக்கிற பையில் இல்லாமல் வேறு பையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். எல்லோருடைய கடவுச்சீட்டையும் ஒருவரே வாங்கி ஒரே பையில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அந்தப் பை ரக்சியில் விடுபட்டால் ஐந்து பேரும் நடு வீதியில்.

அந்தத் தனிமையில் மனம் உடைந்துபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், மலாயா ரயில்வேயில் வேலைக்குப் போன எங்கள் பாட்டன், பூட்டன் காலத்து ஆட்கள் குடியிருந்த இடம். ஸ்கொட் வீதிக் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தவர் எழுப்பியது. சிங்கப்பூர் சிலோன் வீதியில் உள்ள செண்பக விநாயகர் கோயிலும் இலங்கைத் தமிழர் வழி வந்ததே. தமிழில் நாலு வார்த்தை கதைத்து வழி கேட்க ஆள் இருக்கும்.

சைவக்காரர் சமாளிக்கலாமா?

சிங்கப்பூர், மலேசியாவில் கவலையே இல்லை, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்கா பக்கமோ கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸோ போனால் வாழையிலைச் சாப்பாடு. தாய்லாந்தில் மரக்கறிக்குள்ளும் மீன் சோஸ் ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட "ஜே" கடைகளைத் தேடுங்கள், அங்கே மீன், இறைச்சி, முட்டை எதுவும் சேராது. உள்ளி, வெங்காயமும் இருக்காது, விரதக்காரருக்கு இன்னும் வசதி.

யாருக்காவது வருத்தம் வந்தால்?

பயணக் காப்புறுதி எடுத்துவிட்டுப் போங்கள். ரிக்கெற் விலையோடு பார்த்தால் அது சின்னக் காசு, அங்கே ஓர் இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் கட்டணத்தை வீட்டில் யாராலும் உடனே அனுப்ப முடியாது. காப்புறுதிப் பத்திரத்தின் அழைப்பு நம்பர் எல்லோரிடமும் இருக்க வேண்டும், மயங்கிக் கிடப்பவரின் போனைத் திறந்து தேட முடியாது. பனடோல், ஜீவனி பக்கெற், வழக்கமாகக் குடிக்கிற மருந்து பெட்டியோடும் வைத்தியரின் துண்டோடும் கைப்பையில். வயிற்றோட்டம் வந்த பிள்ளையை அறையில் தனியே விட்டுவிட்டு எல்லோரும் சுற்றப் போகவேண்டாம், ஒருவர் மாறி ஒருவர் இருங்கள்.

சிங்கப்பூரில் அம்புலன்ஸ் 995, பொலிஸ் 999. மலேசியாவில் எல்லாவற்றுக்கும் 999. தாய்லாந்தில் அம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் பொலிஸ் 1155, அங்கே ஆங்கிலத்தில் கதைக்கலாம்.

புக்கெற், பட்டாயா போகிறவர்கள் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. கொழும்பில் ஓட்டோமொபைல் சங்கம் கொடுக்கிற சர்வதேச அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடி விழுந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது. கடவுச்சீட்டை அடகாகக் கேட்கிற கடையில் எடுக்கவே வேண்டாம். மோட்டார் சைக்கிளோ நீர் ஸ்கூட்டரோ, எடுக்க முன் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள், பழைய கீறலைக் காட்டிக் காசு கறக்கிறவர்கள் அங்கே உண்டு.

பொதி வரவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

பொதி எடுக்கும் மண்டபத்தை விட்டு வெளியே வர முன்னர், அங்கேயே உள்ள பொதிக் கவுண்டரில் எழுத்தில் பதிய வேண்டும். பி.ஐ.ஆர். என்ற படிவமும் இலக்கமும் தருவார்கள். "களைப்பாக இருக்கு, நாளைக்கு அழைத்துச் சொல்லலாம்" என்று வெளியே வந்தால் பிறகு நிரூபிப்பது கஷ்டம். சர்வதேச ஒப்பந்தப்படி, உடைந்த பொதிக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பொதிக்கு அது கையில் கிடைத்து 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். இடையில் வாங்கிய உடுப்பு, பற்பசைப் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். நிறையைச் சமப்படுத்த எல்லோருடைய பையையும் ஒருவர் பெயரில் போட்டிருந்தால், கோரிக்கையும் அவர் பெயரில்தான் போகும், சுங்கம் கேள்வி கேட்பதும் அவரைத்தான். அவரவர் பையில் அவரவர் பெயர் ஒட்டு இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள்.

திரும்பி வரும்போது கவனிக்க ஏதும்?

சிங்கப்பூரில் வரி மீளப்பெறும் கடைகளில் 100 டொலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால், விமான நிலையத்தில் 9 வீத வரியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். பெரிய பொதிக்குள் போகிற சாமான் என்றால் பொதியைக் கவுண்டரில் கொடுப்பதற்கு முன் அங்கே உள்ள வரி மீளப்பெறும் இயந்திரத்துக்குப் போங்கள், கொடுத்துவிட்டுப் போனால் சாமானைக் காட்டச் சொல்லும்போது காட்ட முடியாது. போர்டிங் பாஸைப் படம் எடுத்து முகநூலில் போடவேண்டாம், அதில் உள்ள பதிவு இலக்கத்தை வைத்து உங்கள் பயணத்தை வேறு யாரும் திறந்து மாற்றலாம்.

கட்டுநாயக்கவில் இரவு பத்து, பதினொரு மணிக்கு இறங்குகிறீர்கள் என்றால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற கடைசி பஸ்களை விட்டிருப்பீர்கள். முன்னமே ஒரு வான் பேசி வையுங்கள், அல்லது நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துப் படுத்துவிட்டு விடியப் பஸ் எடுங்கள். சாரதி நித்திரை முழித்து ஓடுகிற வானில், பொதிகளோடு ஏழெட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு இரவோடு இரவாக வருவதை விட அந்த அறைக் காசு பெரிதில்லை.